கைபேசியில் சாம்பிள் வெட்டுவது எப்படி: ஒரு மில்லி விநாடியும் பிசகாமல்

கைபேசியில் இசை செய்யத் தொடங்கும் பலரும் முதல் சில வாரங்களிலேயே ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கிக், ஸ்னேர் என்ற டிரம் ஒலிகள், கைத்தட்டல் எல்லாம் கிரிட்டில் (தாளத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும் திரையில்) சரியான கட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கேட்டால் பீட் நொண்டுகிறது. ஒவ்வோர் அடியின் வாலிலும் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் ஒட்டிக்கொண்டு வருகிறது. உடனே வேறு சாம்பிள் பேக் தேடுகிறார்கள், எஃபெக்ட் மேல் எஃபெக்ட் போடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை. சாம்பிள் எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த இடத்தில் முடிகிறது என்ற இரண்டு வெட்டுகளில்தான் இருக்கிறது.

அந்த இரண்டு வெட்டுகளைச் சரியாகப் போடக் கற்றுக்கொள்வதற்கே இந்தக் கட்டுரை. எஃப்எல் ஸ்டூடியோ மொபைல், கராஜ்பேண்ட், கோலா சாம்ப்ளர், பேண்ட்லேப் என்று எந்தச் செயலியை வைத்திருந்தாலும் பொத்தான்களின் இடமும் பெயரும்தான் மாறும். ஒலியின் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றே.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வோம். 'சாம்பிள்' என்றால் நாம் வெட்டி எடுக்கும் ஒலித்துண்டு. டிஜிட்டல் ஒலியில் ஒவ்வொரு விநாடியும் 44,100 அல்லது 48,000 முறை அளக்கப்படுகிறது. அந்த ஒவ்வோர் அளவையும்கூட ஆங்கிலத்தில் அதே சொல்லால்தான் சொல்வார்கள். குழப்பம் வேண்டாம் என்பதால் அதை இங்கே 'புள்ளி' என்றே சொல்கிறேன். 44,100 வேகத்தில் ஒரு மில்லி விநாடிக்குள் 44 புள்ளிகள் இருக்கின்றன.

விரலை நம்பாதீர்கள்

கணினியில் மவுஸ் முனை ஒரு புள்ளிபோல மெல்லியது. கைபேசியில் நம் கருவி விரல். ஒரு சின்னக் கணக்கு: 4 விநாடி நீளமுள்ள ஒலித்துண்டு, படுக்கவைத்த திரையில் 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கிறது. விரல்நுனி திரையில் பதியும் அகலம் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த விரலுக்கு அடியில் மறைவது 0.2 விநாடிக்கும் மேல். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) பாட்டில், நான்கு அடி கொண்ட ஒரு பாரின் பதினாறில் ஒரு பங்கு வெறும் 0.125 விநாடி. அதாவது ஒரு முழு ஹை-ஹாட் (டிரம்மின் தாளத் தட்டு) அடியே விரலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இந்த நிலையில் தொடக்கக் குறியைப் பிடித்து இழுத்து 'சரியாக வைத்துவிட்டேன்' என்று நினைப்பது குருட்டாம்போக்குதான்.

அதனால் முதல் விதி: இழுப்பது தோராயத்துக்கு மட்டும். துல்லியம் ஜூம் செய்வதாலும், எண்ணைத் தட்டச்சு செய்வதாலும், காதால் சோதிப்பதாலும் வரும். உங்கள் செயலியில் தொடக்கம், முடிவு ஆகியவற்றின் எண்ணைத் தட்டினால் விசைப்பலகை திறக்கிறதா, அல்லது எண்ணை அழுத்திப் பிடித்து மேலும் கீழும் நகர்த்தினால் மெதுவாக மாறுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சில செயலிகளில் குறியைப் பிடித்தபடி விரலைச் செங்குத்தாக விலக்கினால் நகர்வு நுணுக்கமாகும். இப்படி ஒரு வசதி இருப்பது தெரியாமலேயே மாதக்கணக்கில் விரலோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு. செயலியின் உதவிப் பக்கத்தில் இதை மட்டுமாவது தேடிப் படித்துவிடுங்கள்.

வெட்டுவதற்கு முன்

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நகல் எடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். சில செயலிகள் வெட்டியதை வெறும் குறியாக மட்டும் வைத்துக்கொள்ளும். எப்போது வேண்டுமானாலும் திரும்ப நீட்டிக்கொள்ளலாம். வேறு சில, 'ட்ரிம்' தட்டியதும் மிச்சத்தை நிரந்தரமாக அழித்துவிடும். உங்களுடையது எந்த வகை என்பது தேவையில்லாத ஒரு துண்டில் சோதித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கோப்பு முடிந்தவரை வேவ் (WAV) வடிவில் இருக்கட்டும். எம்பி3 ஒலியை 1,152 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அப்படிச் சுருக்கும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடும். பாட்டு கேட்பவருக்கு அது பொருட்டே இல்லை. லூப் (ஒரே துண்டைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவது) போடுபவருக்கோ ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடைவெளி விழும். எம்பி3-ஐ வேவாக மாற்றினாலும் பல சமயம் அந்த மௌனம் தானாகப் போய்விடாது. கையால்தான் வெட்ட வேண்டும்.

வயர் ஹெட்போனைப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் நான் கண்டிப்பானவன். கைபேசி ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் சரியாகக் கேட்காது, ஆகவே கிக்கின் வால் எங்கே முடிகிறது என்று தெரியாது. புளூடூத்தில் வேறு தொல்லை: சாம்பிளை ஒலிக்கவிடும் பேடை (திரையில் உள்ள தட்டும் கட்டத்தை) நீங்கள் தட்டிய பிறகு, காதுக்கு ஒலி வந்து சேர 100, 200 மில்லி விநாடிகூட ஆகலாம். முன்பு ஒருமுறை வயர்லெஸ் ஹெட்போனோடு உட்கார்ந்து, எல்லா அடிகளும் தாமதமாக வருவதாக நினைத்து, ஒரு தொகுப்பில் இருந்த அத்தனை சாம்பிள்களின் தொடக்கத்தையும் உள்ளே தள்ளிவிட்டேன். மறுநாள் வயர் மாட்டிக் கேட்டபோது ஒவ்வோர் அடியும் தலை வெட்டுப்பட்டு, உயிரில்லாமல் கிடந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. மூலக் கோப்புகள் பத்திரமாக இருந்ததால்தான் அதுவும் முடிந்தது.

கடைசியாக, எடிட்டரில் 'ஸ்னாப்' இருந்தால் அணைத்துவிடுங்கள். பாட்டை அடுக்கும்போது அது நண்பன். சாம்பிளை வெட்டும்போது நீங்கள் கேட்ட இடத்தை விட்டுவிட்டு, தனக்குப் பிடித்த கோட்டுக்குக் குறியை இழுத்துக்கொண்டு போகும்.

தொடக்கம்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

எளிதான ஒன்றோடு தொடங்குவோம். ஒரு கைத்தட்டலையோ மேசையை விரலால் தட்டும் ஒலியையோ பதிவு செய்யுங்கள். கைபேசியை ஒரு முழம் தள்ளி வையுங்கள். அளவுமானி உச்சத்தில் சிவப்பைத் தொடாமல், மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெல்லுக்கும் நடுவில் நிற்கட்டும். சிவப்பில் முட்டிச் சிதைந்த ஒலியைப் பின்னால் எந்த எடிட்டிங்காலும் முழுதாக மீட்க முடியாது.

அலைவடிவத்தைப் பாருங்கள். முதலில் தட்டையான கோடு, பிறகு சட்டென்று ஒரு மலை, பிறகு மெல்லச் சரியும் வால். இரண்டு விரல்களால் விரித்து மலையின் அடிவாரத்துக்குப் போங்கள். மேலும் விரியுங்கள். தூரத்திலிருந்து செங்குத்துச் சுவராகத் தெரிந்தது, கிட்டே போனால் சரிவாகத் தெரியும். கோடு முதன்முதலாகத் துடிக்கத் தொடங்கும் இடம் எதுவோ அதற்கு ஒட்டினாற்போல் முன்னால் தொடக்கக் குறியை வையுங்கள். மலையின் உச்சியில் வைத்தால் அடியின் 'ட்' போய்விடும், வெறும் 'அப்' மிஞ்சும். அதிகம் முன்னால் வைத்தால் மௌனமும் சேர்ந்து வரும்.

அந்த மௌனம் 20 மில்லி விநாடிதானே, அதனால் என்ன என்று கேட்கலாம். கிரிட்டில் சாம்பிளை வைக்கும்போது செயலி கட்டத்தோடு பொருத்துவது சாம்பிளின் தொடக்கத்தைத்தான், நம் காதுக்கு எட்டும் அடியை அல்ல. கிக்கில் 5, ஸ்னேரில் 20, கைத்தட்டலில் 35 என்று ஆளுக்கொரு மௌனம் முன்னால் ஒட்டியிருந்தால், திரையில் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க, காதில் மூன்றும் மூன்று நேரத்தில் விழும். முதல் பத்தியில் சொன்ன நொண்டல் இதுதான்.

சரியாக வெட்டியிருக்கிறோமா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். செயலியின் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் வசதியை) ஓடவிட்டு, அதே அடியில் உங்கள் சாம்பிளையும் வையுங்கள். இரண்டும் ஒரே ஒலியாகக் கெட்டியாக விழுந்தால் வெட்டு சரி. 'ட-டக்' என்று இரண்டாகப் பிரிந்து கேட்டால் முன்னால் மௌனம் இருக்கிறது. பிரியவில்லை, ஆனால் அடி மழுங்கலாக இருக்கிறது என்றால் இன்னும் சில மில்லி விநாடி பாக்கி. ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மில்லி விநாடி நகர்த்தி மறுபடி கேளுங்கள். பத்து சாம்பிளுக்கு இதைச் செய்து முடிக்கும்போது, அலைவடிவத்தைப் பார்த்தவுடனேயே கை சரியான இடத்துக்குப் போகத் தொடங்கும்.

குரலை வெட்டும்போது இன்னொரு நுட்பம் சேர்கிறது, தமிழ் எழுத்துகளை வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம். 'க', 'த', 'ப' போன்ற வல்லினத்தில் தொடங்கும் சொல்லில் காற்று அடைபட்டு வெடிக்கிறது. மத்தள அடிபோல அலைவடிவம் சட்டென்று எழும், வெட்டுவது எளிது. 'ம', 'ந' என்ற மெல்லினத்தில் மூக்கொலி மெல்ல ஊறி வந்த பிறகுதான் உயிரொலி திறக்கும். 'ஸ'வில் தொடங்கினால் சுமார் 100 மில்லி விநாடி வரைகூட வெறும் இரைச்சல் ஓடும். நம் காது தாளமாக எடுத்துக்கொள்வது பெரும்பாலும் உயிரொலி திறக்கும் இடத்தை. ஆகவே 'ஸா' என்ற துண்டை 'ஸ்' தொடங்கும் இடத்தில் வெட்டி அப்படியே கட்டத்தில் வைத்தால் பாட்டு பின்தங்கிக் கேட்கும். 'ஸ்'-ஐ வெட்டி எறியவும் கூடாது, சொல்லே மாறிவிடும். வெட்டு 'ஸ்'-ன் முன்னால் இருக்கட்டும். டைம்லைனில் அந்தத் துண்டைக் கட்டத்துக்குச் சற்று முன்னால் தள்ளி, 'ஆ' அடியின் மேல் விழும்படி வையுங்கள். பாடகர்களும் இப்படித்தான் பாடுகிறார்கள்.

'டிக்' சத்தம் எங்கிருந்து வருகிறது

அலை நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. அது உயரத்தில் இருக்கும்போது வெட்டிவிட்டால், ஸ்பீக்கர் ஒரே தாவலில் மௌனத்துக்குக் குதிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குதிப்புதான் 'டிக்'. தீர்வு இரண்டு.

ஒன்று, அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டுவது. செயலிகளில் இதற்கு 'ஸீரோ கிராஸிங்' என்று பெயர். சிலவற்றில் குறியைத் தானாகவே அங்கே கொண்டுபோய் வைக்கும் வசதி உண்டு. ஆனால் தாழ்ந்த ஒலிகளில் கவனம். 50 ஹெர்ட்ஸ் கிக்கில் ஒரு அலை முழுதாக ஓட 20 மில்லி விநாடி. நடுக்கோட்டை அது 10 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் தொடும். தானியங்கி வசதி அடுத்த கடப்புக்குக் குறியை நகர்த்தினால், பாடுபட்டு வைத்த தொடக்கம் அத்தனை தூரம் விலகிப்போகலாம். ஸ்டீரியோவில் இடது அலையும் வலது அலையும் வெவ்வேறு இடங்களில் நடுக்கோட்டைக் கடப்பதால், இரண்டுக்கும் பொதுவான இடம் கிடைக்காமலும் போகும்.

மற்றொன்று ஃபேட்: தொடக்கத்தில் ஒலியை மெல்ல ஏற்றுவது ஃபேட்-இன், முடிவில் மெல்ல இறக்குவது ஃபேட்-அவுட். நான் பெரும்பாலும் இதையே பயன்படுத்துகிறேன். தொடக்கத்தில் கிக், ஸ்னேர் போன்றவற்றுக்கு ஒரு மில்லி விநாடிக்கு மேல் ஃபேட்-இன் வேண்டாம். 5 வைத்தாலே அடியின் கூர்மை போய்விடும். நீண்டு ஒலிக்கும் ஸ்ட்ரிங் (தந்தி வாத்தியம்), பேட் (பின்னணியில் பரவி ஒலிக்கும் சுரம்) வகை ஒலிகளுக்கு 5 முதல் 10 வரை தாராளமாக வைக்கலாம். முடிவில் ஃபேட்-அவுட் 10 முதல் 30 வரை இருந்தால் 'டிக்' மறைந்துவிடும், ஒலி குறுகியதாகவும் தெரியாது. உங்கள் சாம்ப்ளரில் தனி ஃபேட் இல்லையென்றால் அட்டாக், ரிலீஸ் என்ற இரண்டு குமிழ்களும் இதே வேலையைச் செய்யும்.

சில பதிவுகளில் மௌனப் பகுதியிலேயே கோடு நடுவில் இல்லாமல், மேலேயோ கீழேயோ ஒதுங்கி ஓடும். அப்போது எங்கே வெட்டினாலும் 'டிக்' வரும். ஈக்யூவில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) 20, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

லூப்புக்குக் கண் போதாது, எண் வேண்டும்

தனி அடிகளின் முடிவு ஓரளவு முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. லூப்பில் அப்படி விட முடியாது. கணக்கு எளிது: 60-ஐ பிபிஎம்மால் வகுத்தால் ஓர் அடியின் நீளம் விநாடியில் கிடைக்கும். 100 பிபிஎம்மில் ஓர் அடி 0.6 விநாடி, நான்கு அடி கொண்ட ஒரு பார் 2.4 விநாடி, 44,100 வேகத்தில் 1,05,840 புள்ளிகள். 120 பிபிஎம்மில் ஓர் அடி அரை விநாடி, 22,050 புள்ளிகள். தொடக்கத்தைக் காதால் வையுங்கள். முடிவை இந்த எண்ணைக் கூட்டித் தட்டச்சு செய்யுங்கள்.

லூப்பை அதன்போக்கில் சுற்றவிட்டால் 5 மில்லி விநாடி பிழைகூடச் சேர்ந்துகொண்டே போகும். 100 பிபிஎம்மில் 30 சுற்று முடியும்போது 150 மில்லி விநாடி, அதாவது பாரின் பதினாறில் ஒரு பங்கு முழுதாகத் தள்ளிப்போயிருக்கும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் சாம்பிளைப் புதிதாகத் தூண்டுங்கள். பிழை இருந்தாலும் அந்தப் பாரோடு தீர்ந்துவிடும். 95 பிபிஎம் மாதிரியான வேகங்களில் புள்ளிக் கணக்கு பின்னத்தில் வருவதால், எனக்கு இதுவே வழக்கமாகிவிட்டது.

கிடைத்த லூப்பின் வேகம் தெரியவில்லையா? திருப்பிப் போடுங்கள்: அடிகளின் எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். 8 அடி, 4.8 விநாடி என்றால் 100 பிபிஎம்.

ஒற்றைச் சுரத்தை நீட்டுவதற்காகப் போடும் குட்டி லூப் வேறு வகை, அதில் ஒரு அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஒரு அலை, 44,100 வேகத்தில் 100.23 புள்ளி நீளம். பின்னப் புள்ளியில் வெட்ட முடியாதென்று 100-இல் வெட்டி லூப் செய்தால் கிடைப்பது 441 ஹெர்ட்ஸ். ஏறத்தாழ 4 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) சுருதி ஏறிவிடும். தனியாகக் கேட்டால் தெரியாது, இன்னொரு வாத்தியம் சேர்ந்தால் மெல்ல அலைமோதும். அதே சுரத்தில் 22 அலைகளை எடுங்கள்: மிகச் சரியாக 2,205 புள்ளிகள், 50 மில்லி விநாடி. பின்னமே இல்லை. அதனால் சுர லூப்பில் ஓர் அலைக்குப் பதில் பல அலைகளைச் சேர்த்துப் பிடியுங்கள். தொடக்கத்தில் அலை மேல்நோக்கி நடுக்கோட்டைக் கடந்தால், முடிவிலும் மேல்நோக்கியே கடக்க வேண்டும். திசை மாறினால் அந்த ஒட்டு ஒவ்வொரு சுற்றிலும் உறுத்தும். முடிவையும் தொடக்கத்தையும் மெல்லக் கலக்கும் கிராஸ்ஃபேட் வசதி இருந்தால் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துண்டுகளாக்குவது, வேகம் மாற்றுவது

ஒரு டிரம் லூப்பைத் தனித்தனி அடிகளாகப் பிரிக்க 'ஆட்டோ ஸ்லைஸ்' உதவும். அது தொண்ணூறு சதவீத வேலையைச் செய்துவிட்டதுபோலத் தோன்றும்; மெல்லிய அடிகளைத் தவறவிடுவதும், ஒரே அடியை இரண்டாக வெட்டுவதும் அதன் இயல்பு. ஒவ்வொரு துண்டையும் தனியாகத் தட்டிக் கேளுங்கள். துண்டின் கடைசியில் அடுத்த அடியின் தலை 'ப்' என்று எட்டிப் பார்த்தால் அடுத்த துண்டின் தொடக்கம் தாமதமாக இருக்கிறது என்று பொருள். இரண்டும் ஒரே வெட்டால் திருத்தப்படும்.

96 பிபிஎம் லூப்பை 100-க்குக் கொண்டுவர இரண்டு வழி. வேகத்தோடு சுருதியும் ஏறட்டும் என்று விட்டால் 71 சென்ட், கிட்டத்தட்ட முக்கால் அரைச்சுரம் ஏறும். டிரம்முக்குப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், சுரமுள்ள பகுதிக்கு ஒவ்வாது. சுருதியை நிறுத்தி நேரத்தை மட்டும் மாற்றினால் அடிகளின் தலை குழைந்துபோகும். மாற்றம் பெரிதாக இருக்கும்போது நீட்டாமல் துண்டுகளாக்கி, துண்டுகளைப் புதிய கட்டத்தில் அடுக்குவதே என் தேர்வு.

பழைய கருவிகளில் இந்தக் கலை எப்படி வளர்ந்தது என்பதைப் பார்த்தால் உற்சாகமாக இருக்கும். 1987-இல் வந்த ஈ-மு எஸ்பி-1200 சாம்ப்ளரில் மொத்தப் பதிவு நேரமே சுமார் 10 விநாடிதான். இசைத்தட்டை 33-க்குப் பதில் 45 வேகத்தில் சுழலவிட்டுப் பதிவுசெய்து, உள்ளே சுருதியை இறக்கி மிச்சம் பிடித்தார்கள். ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் விலை இருந்ததால் வெட்டுகள் இறுக்கமாக இருந்தன; இறக்கியதால் வந்த கரகரப்பையே பலர் அந்தக் கருவியின் நிறமாக விரும்பினார்கள். உங்கள் செயலியிலும் செய்து பாருங்கள்: வேகமாக்கிப் பதிவுசெய்து, திரும்ப இறக்குங்கள்.

இரண்டு கிக்குகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது ஒலி பெரிதாவதற்குப் பதில் மெலிந்தால் பதற வேண்டாம். ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது. ஒன்றின் தொடக்கத்தைச் சில மில்லி விநாடி நகர்த்துங்கள், அல்லது அலையைத் தலைகீழாக்கும் 'இன்வர்ட்' பொத்தான் இருந்தால் ஒன்றில் மட்டும் தட்டிப் பாருங்கள்.

சேமிக்கும் முன் உச்ச அளவை மைனஸ் 1 டெசிபெல்லுக்கு நார்மலைஸ் செய்யலாம் (உச்சம் அந்த அளவை எட்டும்படி முழு ஒலியையும் சேர்த்து ஏற்றுவது), ஆனால் வெட்டி முடித்த பிறகு மட்டும். முதலிலேயே செய்தால், வெட்டி எறியப்போகும் ஒரு இருமலோ கதவுச் சத்தமோ உச்சத்தைத் தீர்மானித்துவிடும். பிறகு வேவ் வடிவில் ஏற்றுமதி செய்து, பெயரிலேயே வேகத்தையும் சுருதியையும் எழுதிவையுங்கள்: 'கைத்தட்டல்_உலர்_01', 'டிரம்லூப்_100பிபிஎம்_4அடி', 'குரல்_ஸா_440'. மூலப் பதிவுகளுக்குத் தனிக் கோப்புறை, வெட்டியவற்றுக்குத் தனிக் கோப்புறை. கைபேசியில் இடம் குறையும்போது அழிக்க வேண்டியிருந்தால் வெட்டியவற்றை அழியுங்கள், மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள்.